பொங்குவிளைச்சல் முதலாம் ஆண்டு

துவான் லியூவின் நிலத்தில் அந்த ஆண்டு விளைந்தது ஒரே ஒரு தினைத்தாள்தான்.

மஞ்சள் ஆற்றுக்கு வடக்கே மழை பொய்த்து மூன்றாவது ஆண்டு அது. ஷாகோ ஊரில் எலியும் இல்லை, எலி பிடிக்கப் பூனையும் இல்லை. இரண்டையும் ஊரே தின்று முடித்திருந்தது. மரங்களில் ஆள் எட்டும் உயரம்வரை பட்டை கிடையாது. இந்த லட்சணத்தில், ஊர்க்கிணற்றிலிருந்து ஒழுகிய ஈரம் எப்படியோ வேருக்கு எட்டி, துவான் லியூவின் வரப்போரம் ஒரு தாள் பிழைத்துக்கொண்டது. பிழைத்ததோடு நில்லாமல் ஒன்றுக்கு மூன்றாகக் கதிர் தள்ளியிருந்தது.

மனைவி சின் அதை அன்றைக்கே அறுத்துக் கஞ்சி வைக்க வேண்டும் என்றாள்.

"இப்பத்தான் பால் புடிச்சிருக்கு. ரெண்டு நாள் பொறு, ஒரு கை கூட வரும்" என்றான் துவான் லியூ.

"ரெண்டு நாள் கதிரு நிக்கும்யா. உன் மவ நிப்பாளா?"

மகள் சுன்யாவுக்கு ஆறு வயது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எழுந்து நடப்பதை அவள் விட்டுச் சில நாளாகியிருந்தது. ஆனாலும் துவான் லியூ குடியானவன். முத்தாத கதிரை அறுக்க அவனுக்குக் கை வரவில்லை. காத்திருந்தான். வாழ்நாளில் அவன் செய்த ஒரே பேராசைக் காரியம் அதுதான்.

மறுநாள் காலையில் அந்த வழியாக வந்த ஊர்த்தலைவன் கதிரைப் பார்த்துவிட்டான். ஒரு தாளில் பல கதிர் முளைப்பது அரசுச் சட்டப்படி சுபசகுனம். அதை முதலில் அறிவிப்பவருக்குப் பரிசு உண்டு. நிற்கவே தெம்பில்லாமல் கோலூன்றி வந்தவன், கோலைப் போட்டுவிட்டு வட்ட அலுவலகத்துக்கு ஓடினான்.

வட்ட அதிகாரி ஷென் அப்போது பஞ்ச நிவாரணம் கேட்டு மேலிடத்துக்கு மனு எழுதி, முத்திரை வைக்கப் போகிற சமயம். செய்தியைக் கேட்டதும் முத்திரையைக் கீழே வைத்துவிட்டு, மனுவை மடித்துச் சட்டைக்குள் செருகி, குழல்காரர்களையும் காவலர்களையும் கூட்டிக்கொண்டு ஷாகோவுக்குப் புறப்பட்டார். கதிரின் முன்னால் மண்டியிட்டு மூன்று முறை கும்பிட்டார். பிறகு எழுந்து, எழுந்து நிற்க முடிந்த ஊர்க்காரர்களைப் பார்த்துப் பேசினார்.

"மூணு கதிர்த் தினை எப்ப முளைக்கும்? சாஸ்திரத்துல தெளிவா இருக்கு. அரசரோட அறம் வானத்தைத் தொட்டு, நாடு முழுக்க விளைச்சல் பொங்கி வழியும்போது, இடம் போதாம ஒரே தாள்ல மூணா முளைக்கும். ஆக, இந்த வட்டத்துல விளைச்சல் பொங்கி வழியுது. நீங்களும் கவனிக்கலை, நானும் கவனிக்கலை. நான் வெக்கப்படறேன்."

வெட்கப்பட்டதற்கு அடையாளமாக நிவாரண மனுவை அங்கேயே கிழித்துப் போட்டார். வட்டத் தலையூரில் நடந்துவந்த கஞ்சித்தொட்டியையும் அன்று மாலைக்குள் மூடச் சொன்னார்.

"பொங்கி வழியிற எடத்துல கஞ்சித்தொட்டி வெச்சா, வானம் என்ன நினைக்கும்? நாம கொடுத்தது போதலையான்னு கேக்காதா?"

சின் முன்னால் வந்தாள். அவளுக்கு இதெல்லாம் பாதிதான் புரிந்தது. "ஐயா, வெளைஞ்சிருக்குன்னு சொல்றீங்க. அப்ப நாங்க இதை அறுத்துத் தின்னுக்கலாமா?"

ஒரு காவலன் அவளை அறைந்தான். ஷென் அவனைக் கடிந்துகொண்டார். "அடிக்காதேடா. தமாஷ் பண்றா. வயிறு நெறைஞ்சவங்களுக்குத்தான் இப்படித் தமாஷ் வரும்."

கதிருக்குப் பட்டுப் பந்தல் போட்டார்கள். நான்கு மூலையிலும் ஈட்டிக்காரர்கள் நின்றார்கள். ஊர்க்கிணறு கதிருக்கு ஒதுக்கப்பட்டது. ஊர்க்காரர்கள் ஆற்றுமணலைத் தோண்டிக் குடித்துக்கொள்ளலாம் என்று தாராளமாக அனுமதி கிடைத்தது. பக்கத்து வீட்டுக் கிழவன் ஒருவன் கதிருக்கு ஊற்றிய தண்ணீர் வழிந்த இடத்தில் குப்புறப் படுத்து மண்ணை நக்கினான் என்று பத்து கசையடி கொடுத்தார்கள். ஆறாவது அடியிலேயே அவன் போய்விட்டான். மீதி நான்கையும் கொடுத்து முடித்துத்தான் கட்டை அவிழ்த்தார்கள். சட்டம் என்றால் சட்டம்.

கதிரை வேரோடும் மண்ணோடும் பெயர்த்து, பல்லக்கில் வைத்துத் தலைநகருக்குக் கொண்டுபோவது என்று முடிவாயிற்று. விளைவித்த குடியானவனையும் சுபசகுனத் துறையின் முன் நிறுத்த வேண்டும். ஷென் துவான் லியூவைக் கூப்பிட்டு, சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார்த்தார். முகம் சுருங்கிப் போயிற்று.

"இவனைக் கூட்டிட்டுப் போனா யாரு நம்புவா? வாயைத் திறக்கவே வேண்டாம், இவன் விலா எலும்பே நமக்கு எதிரா சாட்சி சொல்லிடும்."

ஆகவே துவான் லியூவைக் கொழுக்கவைக்க உத்தரவாயிற்று.

வட்ட அலுவலகத்தின் பின்கட்டில் அவனை அடைத்து, ஆட்டுக்கொழுப்பு விட்ட கஞ்சி, கோதுமை ரொட்டி, இறைச்சி என்று வேளாவேளைக்குக் கொடுத்தார்கள். முதல்நாள் தின்றதையெல்லாம் வாந்தி எடுத்தான். வைத்தியரைக் கூப்பிட்டுக் காட்டி, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். மூன்றாம் நாள் ஒரு ரொட்டியைச் சட்டைக் கைக்குள் ஒளித்துவைத்தான். காவலன் கண்டுபிடித்து ஷென்னிடம் நிறுத்தினான். ஷென் கோபப்படவில்லை. வருத்தப்பட்டார்.

"உன்னைத் திருடன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா யோசிச்சுப் பாரு. இந்த ரொட்டி யாருக்காகச் சுட்டது?"

"எனக்காகத்தாங்க."

"அப்ப நீதானே தின்னணும்?"

"என் மவளுக்குங்க. சின்னப் புள்ள, கொஞ்சந்தான் தின்னும்."

"அவளை யாரு தலைநகருக்குக் கூப்பிட்டா?"

துவான் லியூ அந்த ரொட்டியை அங்கேயே, அவர் முன்னாலேயே தின்றான். அன்று முதல் தின்பதை நின்று பார்க்க ஒரு ஆளைப் போட்டார்கள். கன்னத்தில் சதை வைத்தது. தொந்தி விழுந்தது. ராத்திரியெல்லாம் அழுதான், ஆனால் ஒருநாள் மத்தியானம் அவனையறியாமல், "உப்பு கொஞ்சம் கம்மியா இருக்குங்க" என்று சொல்லிவிட்டான். சொன்ன பிறகு அவனுக்கே தூக்கிவாரிப்போட்டது. அவனைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள் மகிழ்ந்துபோய், ஆள் தேறிவிட்டான் என்று ஷென்னிடம் ஓடினான்.

முன்னால் கதிரின் பல்லக்கு, பின்னால் துவான் லியூவின் பல்லக்கு என்று ஊர்வலம் கிளம்பியது. நடந்தால் இளைத்துவிடுவான் என்பதால் அவனுக்கும் பல்லக்கு. அவனைத் தூக்கியவர்களில் முன்தண்டு பிடித்தவன் கூ பாவ். பக்கத்து ஊர்க்காரன், வாய்த்துடுக்கு உள்ளவன்.

"அண்ணே, பின்னாடி சாஞ்சு உக்காரு. உன் கனமெல்லாம் என் தோள்லதான் விழுது."

"நான் எறங்கி நடக்கறேன்டா."

"நீ எறங்கினா என்னைத்தான் உதைப்பாங்க. உக்காரு, உக்காரு. இந்த வட்டத்துலயே ஒரு ஆளாவது கனமா இருக்கியே, அதுவும் பெருமைதான்."

பாதையோரம் ஆட்கள் கிடந்தார்கள். தனித்தனியாகவும், குடும்பமாகவும், சில இடங்களில் வரிசையாகவும். ஷென் குதிரையிலிருந்தபடி திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "உண்ட களைப்பு."

"கண்ணு தொறந்திருக்குதுங்களே எசமான்" என்றான் கூ பாவ்.

"கவலையில்லாதவன் கண்ணைத் திறந்துகிட்டே தூங்குவான்."

"வாயும் தொறந்திருக்குதுங்க. ஈ போகுது."

"அதுக்கும் தீனி கிடைக்குது பாரு. எத்தனை செழிப்பு!"

தலைநகர் வாசலுக்கு ஒரு நாள் தூரம் இருக்கும்போது, காலையில் எழுந்து பார்த்தால் பல்லக்கில் வெறும் தாள்தான் நின்றது. மூன்று கதிரையும் காணோம். தேடவே வேண்டியிருக்கவில்லை. கூ பாவ் பல்லக்கின் பக்கத்திலேயே மல்லாந்து படுத்திருந்தான். உதட்டில் உமி ஒட்டியிருந்தது. ஓடவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

"முத்திடுச்சுண்ணே. இன்னும் விட்டா உதிர்ந்திருக்கும்" என்று துவான் லியூவிடம் மட்டும் சொன்னான்.

ஷென் நெஞ்சில் அடித்துக்கொண்டார். ஆனால் சுபசகுனத் துறையின் தலைவர் பெய் இதைக் கேட்டுக் கொஞ்சமும் கலங்கவில்லை. வெள்ளைத் தாடியும் மெல்லிய குரலும் கொண்டவர். முப்பது ஆண்டுகளாக இரட்டைத்தலை ஆடு, வெள்ளைக் காகம், இனிப்பான பனித்துளி எல்லாவற்றையும் விசாரித்து ஒப்புதல் கொடுத்தவர்.

"கதிர் போனா என்ன? அறிக்கை பத்திரமா இருக்கே" என்றார். "கதிர் நாளைக்கு வாடிப்போற சரக்கு. அறிக்கை அப்படியா?" அரண்மனைத் தையற்காரர்களிடம் சொல்லித் தங்க இழையில் கதிர் செய்யச் சொன்னார். மூன்று என்பது கொஞ்சம் வறுமையாகத் தெரிந்ததால் ஐந்தாகச் செய்யச் சொன்னார். அறிக்கையும் அதற்கேற்பத் திருந்திக்கொண்டது.

பிறகு துவான் லியூவை விசாரித்தார். ஓரத்தில் குறிப்பாளர் மெங் தூரிகையோடு உட்கார்ந்திருந்தான். அந்த ஆண்டில் நாட்டில் நடந்த முக்கிய நிகழ்வுகளையும் முக்கிய மனிதர்களையும் அரசு வரலாற்றில் சேர்க்க எழுதித் தருவது அவன் வேலை.

"உன் நிலத்துல இந்தக் கதிர் தவிர வேற என்ன விளைஞ்சது?"

"வேற ஒண்ணுமில்லீங்க."

"அக்கம்பக்கத்து நிலத்துல?"

"அங்கயும் சொல்லிக்கிற மாதிரி ஒண்ணுமில்லீங்க."

பெய் மெங்கின் பக்கம் திரும்பினார். "எழுதிக்கோ. மற்ற நிலங்களில் வழக்கமான விளைச்சல். சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை."

அடுத்து கூ பாவைக் கட்டி இழுத்து வந்தார்கள்.

"ஏன்டா தின்னே?"

"பசிச்சுது."

பெய் கண்ணை மூடிக்கொண்டார். மிகவும் நொந்துபோனவராகத் தெரிந்தார். "திருட்டைக்கூட நான் மன்னிச்சுடுவேன். பொய்யை எப்படிடா மன்னிக்கிறது? அஞ்சு கதிர் முளைச்ச ஆண்டுல பசி எங்கேருந்து வரும்? பசியில தின்னான்னு தீர்ப்பு எழுதினா, பசி இருந்ததுன்னு ஆகும். பசி இருந்தா கதிர் சகுனம் இல்லைன்னு ஆகும். கதிர் சகுனம் இல்லைன்னா அரசருக்கு அறம் இல்லைன்னு ஆகும். ஒரு வேளைச் சாப்பாட்டுக்காக இத்தனை பெரிய வார்த்தை பேசலாமா நீ?"

"வேற எதுக்குங்க திம்பாங்க?"

"கொழுப்பெடுத்துத் தின்னேன்னு சொல்லு."

கூ பாவ் சிரித்தான். கட்டிய கையாலேயே சட்டையைத் தூக்கினான். அவன் வயிறு முதுகோடு ஒட்டியிருந்தது. "கொழுப்பா? எங்கன்னு நீங்களே எடுத்துக் காட்டுங்க சாமி."

அதிகாரிகள் எல்லாரும் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவையில் அநாகரிகமாக உடம்பைக் காட்டினான் என்று இன்னொரு குற்றமும் சேர்ந்தது. பெய் துவான் லியூவைப் பார்த்தார்.

"நீ அந்த வட்டத்துக்காரன். செழிப்பு உன் கன்னத்துலயே தெரியுது. நீ சொல்லு. இவன் பசியில தின்னானா, கொழுப்பெடுத்துத் தின்னானா?"

ஷென் பின்னாலிருந்து துவான் லியூவின் காதருகே குனிந்தார். "ஒரு வண்டி தினை. உன் வீட்டுக்கு. ஒரே ஒரு வார்த்தை."

துவான் லியூவின் கண்முன் சுவரோரம் சாய்ந்திருக்கும் சுன்யா வந்து நின்றாள். ஒரு வண்டி தினை என்றால் அவள் கல்யாணம்வரை கஞ்சி. கூ பாவ் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தத் தோளில்தான் துவான் லியூ அத்தனை தூரமும் வந்திருந்தான்.

"கொழுப்பெடுத்துதாங்க" என்றான்.

"அடப்பாவி" என்றான் கூ பாவ். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஆச்சரியப்பட்டவன்போலச் சொன்னான்.

மறுநாள் காலையில் அவன் தலையைக் கடைத்தெருவில் வெட்டினார்கள். கழுத்து அவ்வளவு மெலிந்திருந்ததால் ஒரே வீச்சில் வேலை முடிந்தது. அது வெட்டியவரின் திறமை என்று குறிக்கப்பட்டு, அவருக்கு ஒரு துண்டுப் பட்டு கிடைத்தது.

அதற்கு அடுத்த நாள் துவான் லியூவை அரண்மனைக்கு அழைத்துப் போனார்கள். ஒரு நீளமான திரைக்கு முன் மண்டியிட வைத்தார்கள். தங்கக் கதிரைத் தட்டில் வைத்து உள்ளே அனுப்பினார்கள். திரைக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். அது மகிழ்ச்சியான இருமல் என்று பெய் பிறகு விளக்கினார். அந்த இருமலின் விளைவாக, பாதி நடந்து முடிந்துவிட்ட அந்த ஆண்டுக்குப் பழைய பெயர் நீக்கப்பட்டு, 'பொங்குவிளைச்சல் முதலாம் ஆண்டு' என்று புதுப்பெயர் சூட்டப்பட்டது. பொங்குவிளைச்சலுக்கு உரிய வரி தண்டச் சொல்லி அன்றே குதிரைகள் எல்லாத் திசைக்கும் பறந்தன. நிவாரணத் தானியத்துக்கு அனுப்பிய குதிரை ஒன்றும் அந்த வேகத்தில் போனதாக யாருக்கும் நினைவில்லை.

ஷென்னுக்குப் பதவி உயர்வு. துவான் லியூவுக்கு 'முன்மாதிரிக் குடியானவன்' என்ற பட்டமும், ஒரு வண்டி தினைக்கான ஆணையும். அவனுடைய வயலில் கல்வெட்டு நாட்டவும், முன்மாதிரிக் குடும்பத்தைப் பற்றி நேரில் எழுதிக்கொள்ளவும் ஷென்னும் மெங்கும் அவனோடு புறப்பட்டார்கள். வசந்தத்தில் மேலதிகாரிகள் கல்வெட்டைப் பார்க்க வருவார்கள். அதுவரை அவன் இளைக்காமல் பார்த்துக்கொள்ள ஒரு சமையற்காரனும் கூடவே வந்தான்.

வழியெல்லாம் துவான் லியூ அந்த ஆணையை மடியில் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். வட்ட எல்லை வந்ததும் ஷென்னிடம் மெல்லக் கேட்டான். "ஐயா, வண்டி எங்க வந்து சேருமுங்க?"

ஷென் ஆணையை வாங்கிப் படித்தார். "ஷாகோ ஊர் விளைச்சலிலிருந்து ஒரு வண்டி எடுத்துக்கொள்ள அனுமதி. தெளிவா இருக்கே. போய் எடுத்துக்கோ. யாரு தடுக்கறா?"

ஊரில் தடுக்க யாரும் இல்லை. வரி தண்டுகிறவர்கள் ஏற்கெனவே வந்துபோயிருந்தார்கள். விதைக்கென்று மண்ணுக்குள் புதைத்துவைத்திருந்ததையும் தோண்டி எடுத்துப் போயிருந்தார்கள். வீடுகள் திறந்து கிடந்தன. ஊர்த்தலைவன் தன் பரிசை எதிர்பார்த்து வாசலிலேயே செத்திருந்தான். கல்வெட்டு நாட்டும்போது ஆரவாரம் செய்ய ஆள் போதாததால் காவலர்களில் சிலர் குடியானவர் உடை மாற்றிக்கொண்டார்கள்.

சின் தன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். துவான் லியூ எதிரே போய் நின்றதும் ஏறிட்டுப் பார்த்தாள். அடையாளம் தெரியவில்லை. அதிகாரி என்று நினைத்து எழுந்திருக்க முயன்றாள்.

"நான்தான்டி."

அவள் கொஞ்ச நேரம் அவன் கன்னத்தையே பார்த்தாள். "நல்லாயிருக்கே" என்றாள். குத்திக்காட்டிச் சொன்னதுபோல் இல்லை.

"சுன்யா எங்க?"

அவள் வீட்டின் பின்பக்கம் கையைக் காட்டினாள். அவன் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தான். வரும்போது கையெல்லாம் புதைமேட்டு மண்.

மெங் அதற்குள் மை குழைத்து, தாளை விரித்துத் தயாராக இருந்தான். கெட்டவன் இல்லை. வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டுப் போக நினைத்தான்.

"முன்மாதிரிக் குடியானவன் துவான் லியூ. மனைவி சின். மகள்?"

"செத்துட்டா" என்றாள் சின்.

"எதனால?"

"பசி..." என்று ஆரம்பித்தான் துவான் லியூ.

ஷென் கையை உயர்த்தினார். "அவசரப்படாதே. தலைநகர்ல நீ சொன்னதை எழுதி முத்திரை வெச்சிருக்கு. அந்தப் பல்லக்குக்காரன் தலை போனதே உன் வாக்காலதான். இப்ப பசின்னு ஒண்ணு இருந்ததுன்னு சொன்னா, அரசர் முன்னால பொய் சொன்னவனாயிடுவே. உன் தலை போறது கெடக்கட்டும். இந்தப் பொம்பளை தலையும் சேர்ந்து போகும். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

மெங் உதவ முன்வந்தான். "நோய்னு போடலாம். இல்லேன்னா, கெணத்துல விழுந்துட்டான்னு..."

"எதுக்குய்யா இவ்வளவு யோசிக்கிறீங்க?" என்றாள் சின். "தின்னுதான் செத்தா. எழுதிக்க."

"என்ன தின்னா?"

"மலையடியில வெள்ளைக் களிமண்ணு இருக்குல்ல. கஞ்சித்தொட்டியை மூடினப்புறம் அதைத்தான் கரைச்சுக் குடிச்சோம். நாங்க பெரியவங்க, பயந்து பயந்து ஒரு வாய் ரெண்டு வாய். அது பச்சப்புள்ள. எத்தனையோ நாளைக்கப்புறம் வயித்துல எதுவோ கனமா இறங்குதுன்னு அதுக்குச் சந்தோஷம். அம்மா, வயிறு நெறைஞ்சுடுச்சு, அம்மா, வயிறு நெறைஞ்சுடுச்சுன்னு சொல்லிக்கிட்டே தின்னா. மறுநாளு வயிறு கல்லாட்டம் ஆயிடுச்சு. அவ்வளவுதான்."

மெங்கின் தூரிகை நின்றுவிட்டது. அவன் ஷென்னைப் பார்த்தான். ஷென் தாடியைத் தடவியபடி யோசித்தார்.

"வயிறு நெறைஞ்சுடுச்சுன்னு பிள்ளையே சொன்னாளா?"

"சொன்னா."

"பெத்தவ வாக்குமூலம். அப்புறம் என்ன, எழுதிக்கோ."

மெங் எழுதினான்: 'மகள், ஆறு வயது, வயிறு நிறைய உண்டு இறந்தாள்.' ஷென் இரண்டுமுறை படிக்கச் சொல்லிக் கேட்டார். நன்றாக இருந்ததால், பொங்குவிளைச்சலுக்கு ஒரு சான்றாக அந்த வரியைத் தனியே எடுத்து எழுதும்படி சொன்னார். பிறகு எல்லாரும் கல்வெட்டைப் பார்க்க வயலுக்குப் போனார்கள். காவலர்கள் ஆரவாரம் செய்யும் சத்தம் வீடுவரை கேட்டது.

மத்தியானம் சமையற்காரன் துவான் லியூவுக்கு ஒரு கிண்ணம் கொண்டுவந்தான். தினைக்கஞ்சி, மேலே ஆட்டுக்கொழுப்பு மிதந்தது. ஆவி பறந்தது. துவான் லியூ கிண்ணத்தைச் சின் பக்கம் நகர்த்தினான்.

"அது ஆகாது" என்றான் சமையற்காரன். "உங்க பேருக்குத்தான் எழுதியிருக்கு. நீங்க தின்னு முடிக்கிறவரைக்கும் நான் இங்கதான் நிக்கணும். அந்தம்மா வாய் வெச்சா என்னை உரிச்சுடுவாங்க."

துவான் லியூ கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சின் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"தின்னுய்யா" என்றாள். "ஆறிடப்போவுது."

அவன் தின்றான். அன்றைக்கு உப்பு சரியாக இருந்தது.